அல்போன்சா சொன்ன இடம்

சங்குமுனையில் அல்போன்சாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்ற எல்லாருக்கும் அவள் கம்ப்யூட்டரக்கா. தருவைகுளத்துக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரின் விசைப்படகுச் சங்கத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை; ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரும் ஓய்ந்துவிட்டது. ஞானஸ்நானத்தில் அவளை ஏந்திய ஞானத்தகப்பன் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு சைக்கிள், வேளைக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி. அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தேவைப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை.

வேலை இதுதான். சங்கத்துப் படகுகள் ஐம்பத்திரண்டிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி உண்டு. கடலுக்குள் போன படகு எங்கே நிற்கிறது என்பதை அது அரைமணிக்கு ஒரு தரம் கரைக்குச் சொல்லும். சங்கத்து மாடியில் நிற்கும் கம்பம் அதை வாங்கிக் கீழே அல்போன்சாவின் அறையிலிருக்கும் மெஷினுக்குத் தரும். மெஷின் வரி வரியாக எழுதிக்கொள்ளும். படகு புறப்படும் ஒவ்வொரு தடவையும் சங்கத்தில் டோக்கன் வாங்கவேண்டும். அந்த டோக்கன் எண்தான் கோப்பின் பெயர். கோப்புக்கு உள்ளே படகு எண், மணி, இடம், இவ்வளவுதான். தேதி கிடையாது. டோக்கன் எண் இருக்கும்போது தேதி எதற்கு என்று அல்போன்சாவே யோசித்து அப்படி அமைத்திருந்தாள். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

காலையில் ஆறு ஏழு பெண்களாவது சங்கத்து வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டு ஆள் எங்கே நிற்கிறார், எப்போது கரை பிடிப்பார் என்று கேட்பார்கள். அல்போன்சா திரையைப் பார்த்துச் சொல்லுவாள். புன்னைக்காயலுக்குக் கிழக்கே பதினெட்டு மைல், திரும்பிவிட்டார்கள், மூன்று மணிக்கு மீன் இறங்கும், உலையைப் போடு. அவள் சொன்னால் சொன்னதுதான். பெண்கள் முந்தானையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் பெட்டிகள் எப்போதும் பேசுவதில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் ஊமையாகும், கம்பி அறுந்தால் ஊமையாகும், சும்மாவும் ஊமையாகும். அப்படிப்பட்ட நாளில் அல்போன்சா கடைசியாக வந்த இரண்டு மூன்று வரிகளைப் பார்ப்பாள், காற்றைப் பார்ப்பாள், படகு ஓட்டுகிறவன் ஆத்திரக்காரனா நிதானக்காரனா என்று யோசிப்பாள், பிறகு கண்ணால் கண்டதுபோல் ஓர் இடத்தைச் சொல்லிவிடுவாள். பத்துக்கு ஒன்பது தடவை படகு அங்கேயே நின்றிருக்கும். இதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை. தெரியாது என்று சொன்னால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாளா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்வாள்.

உண்மைக் காரணம் வேறு. இங்கு வருவதற்கு முன் அவள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் பதினான்கு வருடம் இருந்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுகிற யூனிக்ஸ் மெஷின்கள். அந்தப் பாஷையில் அவள் அங்கே ராணி. பிறகு எல்லாவற்றையும் மாற்றினார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் பத்துப் பேர் முன்னால் புதிய சிஸ்டத்தில் ஏதோ கேட்டான், தெரியாது என்றாள். மூன்று மாதத்தில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அன்றோடு அந்தச் சொல்லை அவள் விட்டாள். கழிசடை என்று அவர்கள் ஒதுக்கிய மெஷின்களில் ஒன்றைச் சங்கத் தலைவர் டெரன்ஸ் சல்லிசாக வாங்கிவந்தார். அதில் காசு கேட்காத யூனிக்ஸ் ஒன்றை ஏற்றி உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

மெஷினுக்கு வயதாகிவிட்டது. அதன் உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போனதால், ஒவ்வொரு தடவை அணைந்து எழும்போதும் அதன் கடிகாரம் எந்தக் காலத்துத் தேதிக்கோ போய்விடும், கையால் திருத்தவேண்டும். முன்பெல்லாம் உடனே திருத்துவாள். கடைசி இரண்டு மூன்று தடவை திருத்தவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கரண்டு போனால் தாங்குகிற யூபிஎஸ் பேட்டரியும் சித்திரையிலேயே படுத்துவிட்டது. டெரன்ஸ் வாங்கித் தருகிறேன் என்றார். அவரும் நாளைக்குத்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோவிலில் துக்க மணி அடித்தால் கையிலிருப்பதை அப்படியே போடவேண்டும். வலை பின்னுகிறவன் ஊசியைப் போடுவான், கடைக்காரன் கதவைச் சாத்துவான், ஐஸ் கம்பெனியில் மோட்டார் நிற்கும். பொதுக் கட்டடங்களில் மெயினை இறக்கிவிடுவார்கள். செத்தவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் விளக்கு எரியவோ காற்றாடி சுற்றவோ கூடாது. அடக்கம் முடிந்த பிறகுதான் எல்லாம் உயிர்பெறும். பிறந்ததிலிருந்து இதில் வளர்ந்தவர்களுக்கு மணி கேட்டதும் கை தானாக மெயினுக்குப் போகும். அல்போன்சா மட்டும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். முதல் மணிக்கே மெஷினுக்கு உத்தரவு போடுவாள். அது எழுதவேண்டியதை எழுதி முடித்து, தன்னை மூடிக்கொண்டு, நின்றுவிட்டேன் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகே மெயின் பக்கம் போவாள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் தவறியதில்லை.

ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் தவறினாள்.

அன்று தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஆளைத் தள்ளியது. பகல் பன்னிரண்டுக்கு மேல் கிழக்கே கடல் கறுத்து, சூறையொன்று எழுந்து அடங்கியதாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். கரையில் வெறும் புழுதிதான். இரண்டு மணி வாக்கில் துக்க மணி அடித்தது. ஆணுக்கு அடிக்கிற அடி. கோவில் பக்கமிருந்து பாஸ்கல் ஓடிவந்தான்; அவன் சங்கத்துக் காவலாள். வாசலில் நின்றுகொண்டு, ஞானத்தகப்பன் போய்விட்டார் என்றான். பெற்ற தகப்பன் கடலோடு போன பிறகு அவளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவர், கல்லூரிக்குப் பஸ் ஏற்றிவிட்டவர், இருபது வருடமாக மாடியறைக்கு வாடகை என்ற பேச்சை எடுக்காதவர். அல்போன்சா எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சுவரோரம் போய் மெயினை இறக்கினாள். காற்றாடி ஓய்ந்தது. மெஷினின் சத்தமும் ஓய்ந்தது. அது அவள் காதில் விழவில்லை. செருப்புப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அடக்கம் முடிந்தது. மண் போட்ட கையைக் கழுவக்கூட இல்லை, கல்லறைத்தோட்டத்து வாசலிலேயே டெரன்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டார். படகுகள் எல்லாம் விடியலில் வந்து சேர்ந்துவிட்டன, அடைக்கல அன்னை மட்டும் வரவில்லை என்றார். ஐந்து பேர் போன படகு. ஓட்டிப்போனவன் மனுவேல். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை, முகத்துவாரம் தாண்டிய பிறகு யாரும் அதைப் பார்க்கவும் இல்லை, எந்தப் பக்கம் போனதென்றும் தெரியவில்லை. பன்னிரண்டு படகுகள் டீசல் போட்டுத் தயாராக நிற்கின்றன, கடலோரக் காவல்படைக்கும் சொல்லியாயிற்று. கடைசியாக அது எங்கே நின்றது என்று சொன்னால் போதும், நேரே அங்கே போய்விடுவார்கள்.

அல்போன்சாவுக்கு அப்போதுதான் மெயின் ஞாபகம் வந்தது. மெஷினை மூடாமலே அதை இறக்கியிருந்தாள்.

சங்கத்துக்குள் நுழைந்தபோது அறை நிறைய ஆட்கள். ஐந்து வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். மனுவேலின் பெண்டாட்டி ஆனி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது, ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். பாஸ்கல் மெயினை ஏற்றினான். மெஷின் உறுமி எழுந்தது, பத்துப் பதினைந்து வரி ஓடியது, நின்றது. ஹார்ட் டிஸ்க் வட்டில் கோப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, என்னால் சரிசெய்ய முடியாது, நீயே கையால் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஓர் ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

“என்னளா சொல்லுது?” என்றார் டெரன்ஸ்.

“கொஞ்சம் கோளாறு அண்ணாச்சி. பாத்திருவோம்.”

இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மற்றவர்களுக்கு இருபது வருடம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டு பிடுங்கப்பட்ட வட்டை முதலில் தொடவே கூடாது. அப்படியே முழுதாக இன்னொரு வட்டில் பிரதி எடுக்கவேண்டும். பிறகு பிரதியில்தான் கை வைக்கவேண்டும். அது கெட்டாலும் மூலம் பத்திரமாக இருக்கும். பிரதி எடுக்கக் காலி வட்டு ஒன்று அலமாரியிலேயே இருந்தது. ஆனால் அந்த மெஷினின் வேகத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணி நேரம் காத்திருங்கள் என்று அந்த அறையில் நின்றுகொண்டு யாரால் சொல்ல முடியும்? சொல்லியிருக்கவேண்டும். அவள் சொல்லவில்லை.

எஃப்எஸ்சிகே என்று ஓர் ஏவல் இருக்கிறது. கோப்புகளின் கட்டுக்கோப்பைச் சோதித்துச் செப்பனிடுவது அதன் வேலை. அதை மூல வட்டின் மேலேயே ஓட்டினாள். அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. இந்த எண்ணுள்ள கோப்பு பாதி எழுதியபடி நிற்கிறது, துடைத்துவிடவா? இந்தக் கோப்பு இருக்கிறது, இதன் பெயர் எங்கே என்று தெரியவில்லை, எடுத்து ஓரமாக வைக்கவா? முதல் பத்துக் கேள்விகளை நின்று யோசித்துப் பதில் சொன்னாள். கேள்விகள் நின்றபாடில்லை. பின்னால் யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். டெரன்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் சம்மதம் என்று ஒரே உத்தரவாகப் போட்டுவிட்டு அல்போன்சா கையை எடுத்துக்கொண்டாள். திரையில் வரிகள் மடமடவென்று ஓடின. ஒவ்வொரு வரியும் எதையோ துடைத்தது, எதையோ தூக்கி வைத்தது. எது எது என்று பார்க்கிற வேகத்தில் அது ஓடவில்லை.

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. மெஷின் முழுதாக எழுந்தது. அறையில் ஒரு பெருமூச்சு. ஆனால் டோக்கன் கோப்புகள் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பெயர்களை வைத்திருந்த பட்டியலே போய்விட்டது. பெயரற்ற கோப்புகளைச் செப்பனிடும் ஏவல் ஒரே இடத்தில் குவித்து வைக்கும். அங்கே நூற்று நாற்பதுக்கு மேல் கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் மெஷின் தன் கணக்குக்காகப் போட்டுக்கொள்ளும் உள்ளெண் மட்டும்தான். டோக்கன் எண் எதற்கும் இல்லை. கோப்பின் மேலிருக்கும் தேதியைப் பார்த்தால், திருத்தாமல் விட்ட கடிகாரத்தின் புண்ணியத்தில், எல்லாமே என்றோ ஒரு ஜனவரியில் எழுதியவையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அடைக்கல அன்னையின் படகு எண்ணைக் கொடுத்துத் தேடினாள். மூன்று கோப்புகள் சிக்கின. இரண்டில் படகு புறப்பட்டு, சுற்றி, கரைக்கே திரும்பியிருந்தது, பழைய பயணங்கள். மூன்றாவது, பெரியதாழைக்குக் கிழக்கே இருபது மைலில், பன்னிரண்டரை மணியோடு நின்றுபோயிருந்தது. நடுக்கடலில் நின்றது. பன்னிரண்டரை. சூறையும் பன்னிரண்டுக்கு மேல்தான். நெஞ்சு ஒரு கணம் லேசாயிற்று. உடனே ஒரு முள்ளும் குத்தியது. கச்சான் இந்த அடி அடிக்கும்போது மனுவேல் எதற்குத் தெற்கே அவ்வளவு தூரம் போனான்? இந்த மாதத்தில் நம் ஆட்கள் வடக்கே வேம்பார்ப் பக்கம் அல்லவா போவார்கள்? இதே படகின் பெட்டி போன மாதமும் ஒரு தடவை ஊமையாகி, பாஸ்கல் கம்பி மாற்றினானே, அது எந்தப் பயணம்? நினைத்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. முந்தின நாளிலிருந்து அழுத கண்ணும் தூங்காத மண்டையும் ஒத்துழைக்கவில்லை.

ஆனி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“கெடைச்சிட்டாக்கா? எங்கன நிக்காவ?”

டெரன்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“பெரியதாழைக்குக் கிழக்க, இருவது மைலு” என்றாள் அல்போன்சா.

“நிச்சயமாச் சொல்லுதியளா?” என்றாள் ஆனி.

“நிச்சயந்தான்.”

பன்னிரண்டு படகுகளும் தெற்கே போயின. காவல்படைக் கப்பலும் அதே எண்களை வாங்கிக்கொண்டு போயிற்று. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர் அன்றைக்குப் பூசையை விட்டுப் போயிற்று. பெரியதாழைக்காரர்களும் மணப்பாட்டுக்காரர்களும் தாங்களாகவே வள்ளங்களை இறக்கித் தேடினார்கள். ஒரு துண்டுப் பலகை கிடைக்கவில்லை. அல்போன்சா சங்கத்தை விட்டு நகரவில்லை. ஆனி தினமும் வந்து பக்கத்தில் உட்காருவாள். நீங்கள் இடத்தைச் சொன்னதால்தான் இந்தமட்டுக்காவது தேட முடிகிறது என்று அவளே அல்போன்சாவுக்கு ஆறுதல் சொல்லுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அல்போன்சாவுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் தேடுவதை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை காலை வேம்பாருக்கு வெளியே ஒரு வள்ளத்துக்காரர் நீலப் பீப்பாய் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் அடைக்கல அன்னையின் எண் எழுதியிருந்தது. நீவாடு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். கடலில் எந்த ஓட்டம் எதை எங்கே கொண்டுபோகும் என்று யார் கண்டது என்றார்கள். அல்போன்சா அலமாரியைத் திறந்து அந்தக் காலி வட்டை எடுத்தாள்.

முதல் நாளே செய்யவேண்டியதை ஆறாம் நாள் செய்தாள். ஐந்து மணி நேரம் என்று நினைத்தது நாலரை மணி நேரத்தில் முடிந்தது. பிரதியின் மேல் உட்கார்ந்து, கோப்பு என்ற கணக்கை விட்டுவிட்டு, வட்டில் எழுதியிருப்பதைப் பச்சையாகத் துண்டு துண்டாகப் படித்தாள். அழிந்துபோன பெயர்ப்பட்டியலின் பழைய நகல் ஒரு மூலையில் கிடந்தது. டோக்கன் எண்ணும் அதற்கு நேரே கோப்பின் உள்ளெண்ணும். பெரியதாழை என்று அவள் சொன்ன கோப்பு போன மாதத்து டோக்கன். பெட்டி ஊமையாகி, படகு சௌக்கியமாகத் திரும்பிவந்த பயணம். கடைசிப் பயணத்தின் கோப்பைத் துடைத்துவிடவா என்று எஃப்எஸ்சிகே கேட்டிருக்கிறது. சம்மதம் என்று சொன்னவள் அவள்தான்.

துடைத்தது பெயரைத்தான், வரிகள் வட்டில் அப்படியே கிடந்தன. தேடி எடுத்துவிட்டாள். வேம்பாருக்குக் கிழக்கே இருபத்தாறு மைல். பன்னிரண்டு மணி பத்து நிமிடம். அவர்கள் ஐந்து நாள் தேடிய இடத்திலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் வடக்கே. மத்தியானம் மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்திருந்தது. பலகையைப் பிடித்தபடி எத்தனை நாள் ஓர் ஆளால் மிதக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள். மூன்று நாள்கூடத் தாங்கியவர்கள் உண்டு. வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் படகுகள் வடக்கே போயிருந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

டெரன்ஸிடம் போய்ச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மெயினை இறக்கியது, பிரதி எடுக்காதது, சந்தேகம் வந்தும் நிச்சயம் என்று சொன்னது, எல்லாம் சொன்னாள். அவர் தன் சொந்தப் படகை எடுத்து, வலை விட்டுவந்ததாக யாரிடமோ சாக்குச் சொல்லி, அன்று பொழுது சாய்வதற்குள் வடக்கே போனார். மறுநாள் வெறுங்கையோடு வந்தார். முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது.

“இது ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட போவட்டும். இப்பச் சொல்லி எவன் வரப்போறான்? அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு சாவுல்லா அது.”

அல்போன்சா தலையாட்டினாள். அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு வசதியாக இருந்தது. அதுதான் அவளைப் பிற்பாடு மிகவும் கூசவைத்தது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் கல்லறை இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரைக் கூட்டிக்கொண்டு, படகு கடைசியாக நின்ற இடத்துக்கே போவார்கள். அங்கே மந்திரித்து மாலை போடுவார்கள். வருடா வருடம் அந்த நாளில் அந்த இடத்துக்கே போவார்கள். கல்லறைக்குப் பதில் அதுதான். இரண்டு நாள் முன்னதாக ஆனி மாடியேறி வந்தாள். பெரியதாழை எண்களைத் தன் ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள், காட்டினாள். எண் இருந்தாலும் இடத்தைச் சொன்னவர் கூடவே வரவேண்டும், வந்து இதுதான் என்று கைகாட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பிறக்கப்போகும் பிள்ளையையும் பின்னாளில் அங்கே கூட்டிப்போய்க் காட்டவேண்டுமாம்.

அந்த இரண்டு நாளும் அல்போன்சாவுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். படுத்துக்கொண்டாலும் அவர்கள் பெரியதாழைக்குத்தான் போவார்கள். ஒருவருமே சாகாத ஓர் இடத்தில் அந்தப் பெண் வருடா வருடம் முழங்காலிட்டு அழுவாள்.

காலை ஆறு மணிக்குப் படகு புறப்பட்டது. ஐந்து குடும்பத்தார், சாமியார், டெரன்ஸ், பாஸ்கல். எல்லாரும் கறுப்பு, வெள்ளை. ஈரத்துணி சுற்றிய ஐந்து மாலைகள் ஐஸ் பெட்டி மேல் கிடந்தன. முகத்துவாரத்தைத் தாண்டியதும் படகோட்டி முகப்பைத் தெற்கே திருப்பினார். டெரன்ஸ் அல்போன்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். அல்போன்சா எழுந்து, ஆனி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, அவள் முன்னால் பலகையில் அமர்ந்தாள்.

“ஆனி, எடம் அது இல்ல.”

ஆனிக்கு விளங்கவில்லை. அல்போன்சா சொன்னாள். மெஷின், வட்டு என்று எதையும் இழுக்காமல், மூன்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். எனக்குக் கிடைத்தது போன மாதத்துப் பயணம். அது எதுவென்று எனக்கு அன்று தெரியாது. தெரிந்ததுபோல் சொன்னேன். அவர்கள் நின்றது வேம்பாருக்கு வெளியே. சாமியார் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். ஒரு கிழவர், மனுவேலோடு போனவர்களில் ஒருவனுடைய தகப்பன், எழுந்து நின்று, பிறகு எங்கே போவது என்று தெரியாதவராக மறுபடி உட்கார்ந்தார். படகோட்டி இஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்.

ஆனி கத்துவாள் என்று அல்போன்சா எதிர்பார்த்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். ஆனி கத்தவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் மெதுவாகப் பேசினாள்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பன்னெண்டு போட்டும் நாலு பக்கமும் போயிருக்கும்லாக்கா.”

“ஆமா.”

“வடக்கயும் ரெண்டு போட்டு போயிருக்கும்.”

“போயிருக்கும்.”

அதற்குப் பிறகு ஆனி படகோட்டியைப் பார்த்து, வடக்கே விடச் சொன்னாள். அல்போன்சா எண்களைச் சொல்ல, அவர் கருவியில் ஏற்றிக்கொண்டார். படகு திரும்பியது. ஐந்து மணி நேரப் பயணம். யாரும் அவளோடு பேசவில்லை, யாரும் அவளை ஒரு வார்த்தை வையவும் இல்லை. காப்பி ஊற்றிய பாஸ்கல் அவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து, கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பெண்கள் படகின் முன்புறத்தில், அணியத்துப் பக்கம், ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார்கள். தேடலை நிறுத்திய அன்று அழுததைவிட அது மோசமாக இருந்தது. தான் என்ன செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அல்போன்சாவுக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் கடவுளிடம் ஒப்படைத்துவிட்ட சாவை அவள் திரும்பப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள்.

பதினொன்றேகாலுக்கு இஞ்சின் நின்றது. நாலா பக்கமும் ஒரே தண்ணீர். ஓர் அடையாளமும் கிடையாது. சாமியார் மந்திரித்து முடித்தார். ஒவ்வொரு வீட்டாராக மாலையைப் போட்டார்கள். நாலு மாலைகள் தண்ணீரில் மெல்ல விலகிப் போயின. ஆனி தன் மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி விளிம்பில் நின்றாள். போடவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் திரும்பி, காலையிலிருந்து முதல் தடவையாக அல்போன்சாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இதாவது நெசந்தானா?”

“நெசம் ஆனி. சத்தியமா இதான் எடம்.”

ஆனி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று மேசையருகே குனிந்து பார்த்தபோது அந்தக் கண்ணில் இருந்த நம்பிக்கை இப்போது எள்ளளவும் இல்லை. மாலையைத் தண்ணீரில் விட்டாள். விட்டுவிட்டு, அது போகிற திசையைப் பார்க்காமல், பெரியதாழை இருக்கிற தெற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அங்கே தெரிகிற கடலையே பார்த்தபடி நின்றாள்.